நூற்றெட்டு

‘இருள்மிகு கெங்கையம்மன்’ என்று
ஐந்நூறு நோட்டீஸ் அச்சாகி,
குடியாத்தத்துக்காரர் வண்டியில் கட்டிக்கொண்டு
பள்ளிகொண்டா தாண்டிய பிறகுதான் பார்த்தாராம்.

இம்தியாஸ் பாய் திட்டவில்லை.
நோட்டீஸைப் பார்த்தார், என் இடது கையைப் பார்த்தார்,
டீ சொன்னார்.

சுண்டுவிரல் இருந்த இடத்துக்கு நேர் கீழே
அ இருக்கிறது.
தமிழ் விசைப்பலகை அப்படி:
முதல் எழுத்துக்குக் கடைசி விரல்.
மாசியில் கட்டிங் மிஷின் அதை எடுத்துக்கொண்டது,
கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு, ஒரே சீராக.
பங்குனியில் தையல் பிரித்துத் திரும்பினேன்.
மோதிர விரலை அனுப்பிப் பார்த்தேன்.
அது சோம்பேறி,
பக்கத்து வீட்டு இ-யிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

ஆறு உண்டு தண்ணீர் இல்லை,
கோட்டை உண்டு ராஜா இல்லை என்று
வேலூரைச் சொல்வார்கள்.
பொத்தான் உண்டு விரல் இல்லை.
அதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

கடை மூடிய பிறகு
லாங் பஜார் மாடியில் நானும் மின்விசிறியும்.
லினக்ஸில் ஒரு கட்டளை இருக்கிறது.
அடித்தால் வெள்ளையாய் ஒரு ஜன்னல் திறக்கும்,
உள்ளே சின்னதாய் ஒரு கட்டம், வேறொன்றுமில்லை.
எந்தப் பொத்தானை அழுத்தினாலும்
அதன் எண்ணைச் சொல்லும்.
அழுத்தியதற்குச் சில வரி,
விட்டதற்குச் சில வரி.
விட்டதையும் கணக்கில் வைக்கிற இயந்திரத்தை
அன்றுதான் பார்த்தேன்.

அ-வுக்கு முப்பத்தெட்டு.
ஸ்பேஸுக்கு வலப்புறம்
கட்டைவிரல் சும்மா உரசிப்போகும் ஆல்ட்டைத் தொட்டேன்.

நூற்றெட்டு.

கொஞ்ச நேரம் வேறெதையும் தொடவில்லை.
அன்று என்னை ஏற்றிக்கொண்டு,
நடந்தாலே பத்து நிமிடமான சி.எம்.சி.க்கு
கூட்டத்தில் அழுது அழுது ஊர்ந்த வண்டிக்கும்
அதே எண்.
ஐஸ் போட்ட டம்ளரில் விரலை ஏந்திக்கொண்டு
தணிகாசலம் கூட வந்தான்.
டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

முதலில் ஆல்ட்டைப்
பழைய உத்தியோகத்திலிருந்து விலக்க வேண்டும்.
இல்லையென்றால் பேர் மாறியும்
பழைய வேலையே பார்க்கும்.
அப்புறம் ஒரே வரி: நூற்றெட்டு இனிமேல் அ.

கட்டைவிரலால் அடித்தேன்.
அருள்மிகு.
அன்புடையீர்.
அகால மரணமடைந்த.
எங்கள் தொழிலில் பாதி அ-வில்தான் தொடங்குகிறது.

காலையில் கணினி எல்லாவற்றையும் மறந்திருந்தது.
கோப்பில் எழுதிவைத்தால்தான் அதற்கு ஞாபகம்.
அந்தக் கோப்பின் பேருக்கு முன்னால் ஒரு புள்ளி;
புள்ளி வைத்தால் பட்டியலில் தெரியாது.
தமிழிலும் அதுதானே,
க-வின் தலையில் புள்ளி வைத்தால்
உள்ளே இருந்த அ மறைந்துபோகும்.
அப்படியானால் இத்தனை வருஷம்
க அடித்தபோதும் ம அடித்தபோதும்
அந்தப் பொத்தானைத் தொடாமலே
அ அடித்திருக்கிறேன்.
யோசித்துக்கொண்டே நின்றதில் டீ ஆடை கட்டிவிட்டது.

பதினொரு மணிக்கு வந்த தணிகாசலம்
ஒரு சாவுப் போஸ்டரை முடித்துவிட்டுக் கூப்பிட்டான்.
“இன்னா லோகு, மிஷினுக்கு விக்கலா?
கண்ணீர் அஅஞ்சலின்னுகீது.”
அவன் கட்டைவிரல் ஸ்பேஸோடு நிற்காது.
சிரித்தேன், அப்புறம்
அவனுக்குத் தனி லாகின் போட்டுக் கொடுத்தேன்.
அவன் ஆல்ட் அவனுக்கு.

சாயங்காலம் குடியாத்தத்துக்காரர் வந்து
இருளைத் திருப்பிக் கொடுத்து
அருளை வாங்கிப் போனார்.
பின்பக்கமெல்லாம் வெள்ளையாகத்தானே இருக்கிறது,
துண்டு போட்டால் பில் புக்குக்கு ஆகும் என்றார் பாய்.
சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தார்.

தணிகாசலம் எழுந்தான்.
நான் போடுகிறேன் என்றேன்.
ஐந்நூறையும் தட்டி அடுக்கினேன்,
கட்டை வைத்து இறுக்கினேன்,
இரண்டு கையையும் வெளியே எடுத்து எண்ணிப் பார்த்தேன்.
ஒன்பது.

பச்சைப் பொத்தானை
அழுத்தினேன்.
விட்டேன்.