ஒன்பதாம் அறை

ஃபேன் வேர்க் பண்ணுதில்லை எண்டு
மார்கிட் படியிறங்கி வந்தாள்.
கச்சானும் ஓய்ந்துபோன ஆனி இரவு, உப்புவெளி.
முறைப்பாட்டுக் கொப்பியில் அந்தச் சொல்லை
அப்படியே தமிழில் எழுதினேன்: வேர்க்.
இன்னொரு ககரம் போட்டால் வேர்க்க.
எனக்கும் முதுகு நனைந்துதான் இருந்தது.

இந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு
எப்படித்தான் காலம் தள்ளுகினமோ.
நேற்று நான் கொடுத்த வயிற்றுக் குளிசை வேர்க்காம்.
புறாமலைக்குப் படகு எட்டு மணிக்கு எண்டால்
அதுவும் அவளுக்கு வேர்க்காம்.
நீ இங்கேயா வேர்க், எத்தனை வருசம், எண்டும் கேட்டாள்.

எங்களுக்கு ஃபேன் சுத்தும், பல்ப் எரியும்,
பிரேக் பிடிக்கும்,
எட்டு மணி தோதுப்படும்.
குளிசை கேட்கும்,
வயிறு சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டதுபோல.
வேலை செய்கிறது நான் மட்டும்தான்.

வில்வராசாவுக்கு வேலை இல்லை.
உயர்தரத்தில் படித்த ஞாபகம், பழைய தமிழில்
வேலை எண்டால் கடல்.
அதுவும் இல்லை அவருக்கு,
மாசியில் படகு எஞ்சினுக்குக் குனிந்தவர்
அப்படியே சரிந்த நாளிலிருந்து.
திருகோணமலை ஆஸ்பத்திரியில், கிளினிக் கொப்பியில்,
டொக்டர் ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதினார்.
அயல் இரண்டே சொல்லில் முடித்தது:
கை வழங்காது.

நஸ்ருதீன் போன் எடுக்கவில்லை.
என்னைக் கூட்டிப்போக வந்து
கேற்றடியில் நின்ற மனுசன்
ஃபேனைக் கீழே கொண்டு வா எண்டார்.
இடக்கை விரலால் அவர் காட்டக் காட்ட
நான் ஆணி கழற்றினேன்.
கண்டென்சரை மூக்கில் வைத்து மணந்து
எரிஞ்சு போச்சு, வேற இருக்கா எண்டார்.
களஞ்சிய அறையில் செத்துக் கிடந்த ஒன்றின்
வயிற்றுக்குள் இருந்தது.

சுத்துது, எண்டார்.
இட் வேர்க்ஸ், எண்டு அவள் கையை நீட்டினாள்.

வழங்கு எண்டால் கொடு எண்டும்தானே.
அந்தக் கை கொடுக்கவில்லை,
சாரத்து மடிப்பில் தன்பாட்டில் கிடந்தது.
இடக்கையால் ஒரு தீப்பெட்டிகூட
ஆருக்கும் நீட்டியறியாத மனுசன்
என்னைப் பார்த்தார்,
பிறகு அதையே நீட்டினார்.
அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

பில் போட வேணும்.
கண்டென்சர், பழையது, காசில்லை.
கூலி எண்ட இடத்துக்கு நேரே
பேனையை வைத்துக்கொண்டு இருக்கிறேன்.
வாசலில் அவர் செருப்பைத் தேடுகிறார்.
மேலே ஒன்பதாம் அறையில்
ஃபேன் சுத்துகிறது கேட்குது.