தூக்குக்குண்டு

வேலை பதினொன்றுக்கே முடிந்துவிட்டது.
ஆஸ்பத்திரியின் இரண்டாம் லிஃப்ட்
மூன்றாம் மாடியில் இனித் திக்காது.
தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே ஹிஷாம்,
"ரயில் நாலரைக்குத்தானே,
ஊரைப் பார்த்துவிட்டுப் போ" என்றான்,
மிச்சமான பலகாரத்தைக்
கையில் கட்டிக் கொடுப்பது மாதிரி.

பினாங்குக்கு இது பத்தாவது தடவை.
இதுவரை பார்த்தது ஒன்பது குழிகள்.
கம்பிவடம், கிரீஸ், எலிப்புழுக்கை,
தலைக்கு மேலே
ஒரு சதுர வெளிச்சம்.

முதலில் மணிக்கூண்டு.
அறுபதடி.
ராணி ஆண்ட வருஷத்துக்கு
ஓரடி வீதமாம்.
யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது:
சாய்கிறது.
போரில் குண்டு விழுந்த அதிர்ச்சி என்றார்
ரிக்‌ஷாக்காரர், கேட்காமலே.
பையைத் திறந்து
நூலும் தூக்குக்குண்டும் எடுத்து
ஒரு கண்ணை மூடி நீட்டிப் பிடித்தேன்.
கூண்டைப் படமெடுத்தவர்கள்
என் பக்கம் திரும்பினார்கள்.
பினாங்கில் நான் இருக்கும் ஒரே படம்
எந்த நாட்டுப் போனில் இருக்கிறதோ.

ஆர்மேனியன் தெருவில்
ஒரு சுவருக்கு முன்னால் வரிசை.
தாண்டிப்போன என்னிடம்
ஆறு பேர் போனை நீட்டினார்கள்.
ஆறு குடும்பத்தையும்
தலை வெட்டாமல் எடுத்துக்கொடுத்தேன்.
சுவரில் என்ன வரைந்திருந்தது என்று
இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

மார்க்கெட் தெருவில் சோறு, வெண்டைக்காய்,
குழம்பு பஞ்சிர்.
"எந்த ஊர்?"
"கிள்ளான்."
"அங்கே இல்லாததா இங்கே" என்று
இன்னொரு கரண்டி ஊற்றினார்.

நார்த்தம் சாலைக் கல்லறைக்கு
நிழலுக்காகத்தான் போனேன்.
கெம்போஜா மரத்தடியில்
சிவந்து வியர்த்த ஒரு வெள்ளைக்காரர்
கையில் தாளோடு
கல் கல்லாகக் குனிந்துகொண்டிருந்தார்.
ஏலன். ஸ்டர்லிங், ஸ்காட்லாந்து.
காலையில் கப்பலில் இறங்கியவர்,
ஐந்துக்கு ஏணியைத் தூக்கிவிடுவார்களாம்.
எங்களூரும் இப்படித்தான் என்றார்,
கோட்டை, பாலம், கல்லறை, ஒரு தேநீர்,
அரை நாளில் பார்த்துவிட்டுப் போவார்கள்.
அவர் அங்கே பஸ் ஓட்டுகிறார்.
கோட்டை வாசலில்
நாளைக்குப் பத்துத் தடவை ஆள் இறக்கியும்
உள்ளே போனதில்லை.
நான் என் ஒன்பது குழிகளைச் சொன்னேன்.
சிரித்த சிரிப்பில்
தாள் கீழே விழுந்தது.

அவர் காட்டிய கல்லில்
எழுத்து இருந்த இடமெல்லாம் பாசி.
டார்ச்சைக் கல்லோடு ஒட்டி
பக்கவாட்டில் அடித்தேன்.
மோட்டார்த் தகட்டில் தேய்ந்த நம்பரை
இப்படித்தான் படிப்போம்.
எழுத்துகள் ஒவ்வொன்றாக
எழுந்து உட்கார்ந்தன.
வயது இருபத்துமூன்று.
காய்ச்சல்.
பெயர், அவர் தேடிய பெயர் இல்லை.
"ஊர் மட்டும் என் ஊர்" என்றார்.
ஸ்டர்லிங் என்ற வார்த்தையை
விரலால் ஒரு தடவை துடைத்தார்.
பிறகு,
"நீங்கள் யாரையாவது தேட வேண்டுமா?
எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது."

இல்லை,
எங்கள் ஆட்கள் வேறு பக்கம் என்றேன்.
எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை, நல்லவர்.
கேட்டிருந்தால்
நானும் தாளைத்தான் தேடியிருக்க வேண்டும்,
அப்படி ஒரு தாள்
எங்கள் வீட்டில் யாரும் எழுதவில்லை.

படகில் இடமிருந்தும் நின்றேன்.
வேலை முடிந்தால்
குழிச்சுவரில் மார்க்கரால் எழுதுவது வழக்கம்:
தேதி, மாற்றிய பாகம், ச.பு.
காலையிலும் அவ்வளவுதான் எழுதினேன்.
புனிதமலர் என்று எழுத
அங்கே தாராளமாக இடம் இருந்தது.

தீவு சின்னதாகிக்கொண்டே வந்தது.
மணிக்கூண்டு நேராக நிற்பது போலிருந்தது.
சந்தேகம்.
கம்பியில் நூலைக் கட்டித்
தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன்.
அது தீவைக் காட்டியது,
பட்டர்வொர்த்தைக் காட்டியது,
மறுபடி தீவைக் காட்டியது.
பக்கத்து இருக்கைப் பையன்
"அக்கா, எது சரி?" என்றான்.
இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.