தரையில் நிற்கும்போது முறுக்கு

பெட்டியைப் பிரித்தபோது ஸ்பிரிங்குகள் சிவப்பாய் இருந்தன.
சிவப்பு என்பதற்காகவே வாங்கினேன்.
இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

இருபத்தாறு வயது வால்வோ.
நாலு மூலைக்கும் புது டேம்பர்,
உச்சியில் ஒரு திருகு, முப்பத்திரண்டு டிக்.
உயரம் குறைக்க ஒரு வளையம்.
சனிக்கிழமை முழுக்கக் கொட்டகையில் மல்லாந்து கிடந்தேன்.
காதுக்குள் துரு உதிர்ந்தது.
நாலு விரற்கடை இறக்கி வைத்தேன், அழகுக்காக.

திங்கள் விடியலில் பேக்கரி வாசலில் ஹெய்லியை ஏற்றினேன்.
இரவு வேலை பார்ப்பவள், என் தங்கை.
பெல்ட் மாட்டினால் பாலம் வருமுன் தூங்கிவிடுவாள்
வாய் திறந்தபடி,
மடியில் சூடாறாத கறுப்பு ரொட்டியோடு.
பதினோரு வருடமாய் அப்படித்தான்.

அன்று தூங்கவில்லை.

மார்ச் மாதத்து வோரு சாலை:
அடியில் மண் உறைந்து உப்ப
தார் அங்கங்கே புடைத்துக் கிடக்கும்.
ஒரு புடைப்பில் ஏறியது கார்.
இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி குனிந்தது,
முதலாளி முன் நிற்கும் ஆமாம்சாமி போல.
ரொட்டி மடியிலிருந்து குதித்துக் காலடியில் விழுந்தது.
"இதைக் காசு கொடுத்தா வாங்கினாய்?" என்றாள்.

மென்மைதான் சுகம் என்று
மாலையில் திருகுகளை இன்னும் தளர்த்தினேன்.
செவ்வாய்க்கிழமை அவள் பேருந்தில் போனாள்.

முன்மூலையை இரு கையாலும் அழுத்தி விட்டேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
நான்கில், மனமில்லாமல், நின்றது.

ஸ்பிரிங் வாங்கியதைத் திருப்பித் தரும்,
அதற்கு அவ்வளவுதான் தெரியும்.
போதும் என்று சொல்வது டேம்பர்.
நான் அதன் வாயைக் கட்டிவைத்திருந்தேன்.

எட்டு டிக் இறுக்கினேன். பிறகு மூன்று.
பிறகு பேராசையில் பத்து; பல் ஆடியது; ஆறு குறைத்தேன்.
அழுத்தி விட்டால் இப்போது ஒரே ஆட்டம்,
எழுந்து, அடங்கி, அப்படியே நின்றது.

ஆனாலும் பின்பக்கம் இடதில் ஒரு விறைப்பு,
சொல்ல வந்ததை விழுங்கினவன் நடை போல.

டிராக்டருக்கு டீசல் கடன் கேட்டு வந்த ஊர்வே
குனிந்து பார்த்தாள்.
"சக்கரம் தொங்கும்போதா போல்ட்டை முறுக்கினாய்?"
"வேறெப்படி முறுக்குவது?"
பதில் சொல்லாமல் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இரவு இரண்டு மணிக்கு, படுக்கையில், புரிந்தது.
தொங்கும் நிலையில் இறுக்கினால்
புஷ்ஷின் ரப்பர் தொங்குவதையே தன் இயல்பென்று எடுத்துக்கொள்ளும்.
தரையில் இறக்கினால்
சும்மா நிற்பதற்கே
நாளெல்லாம் முறுகிக் கிடக்க வேண்டும்.

கோட்டை பைஜாமா மேல் போட்டுக்கொண்டு போனேன்.
சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து
முழு எடையும் காலில் ஏறிய பிறகு
ஒவ்வொரு போல்ட்டாய்த் தளர்த்தினேன்.
இடது பின்னது டொக்கென்று ஒரு சத்தம் விட்டது,
காரே அரை விரல் இடம் மாறி உட்கார்ந்தது.
அப்புறம் இறுக்கினேன்.

வளையத்தைத் திருகி மூன்று விரற்கடை உயர்த்தினேன்.
அழகு போயிற்று.
ரப்பர் முட்டில் இடிப்பதும் போயிற்று.

வெள்ளிக்கிழமை வந்து ஏறினாள், நம்பிக்கையில்லாமல்,
ரொட்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு.
புதிதாய் வந்த வைதோ மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டதை
உரத்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள்:
"நாற்பது கிலோ மாவு, அண்ணா, நாற்பது கிலோவும் அப்படியே பன்றிக்கு..."

பாலம் வரவில்லை இன்னும்.

புடைப்பு வந்தது. ஒரு ஆட்டம். அடங்கியது.
ரொட்டி மடியிலேயே இருந்தது.

வீட்டுத் திருப்பத்தைத் தாண்டிப் போனேன்.
ஏரிவரை போனேன்.
பெட்ரோல் முள் சிவப்பில் படுத்தபோது
டிக் டிக்கென்ற சத்தத்துக்கு எழுந்துவிடுவாளோ என்று
இண்டிகேட்டர் போடாமலே திரும்பினேன்.
சாலையில் யாருமில்லை.