விதிவிலக்குகள் என்ற பக்கம்

ஜெலுத்தோங்கில், டயர் கடைக்குப் பக்கத்து மாமாக் கடை.
புதன்கிழமை, ராத்திரி ஒன்பதரை.
மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் மேசை எங்களுடையது,
தாள்கள் பறக்கும் என்று தெரிந்தும்.

பூன் ஹெங் மூக்குக்கண்ணாடி விற்கிறவன்.
ஹஸ்னிதா பொது மருத்துவமனையில் எலும்புகளைப் படம் பிடிப்பவள்.
நான் பாயான் லெப்பாஸில் சில்லுகளில் கீறல் தேடுகிறேன்,
பன்னிரண்டு மணி நேரம், மஞ்சள் வெளிச்சத்தில்.
மூன்று வருடமாக ஒரு மொழி செய்கிறோம்.
அதற்கு இன்னும் பெயரில்லை.
பெயர் வைக்கப் போய்த்தான் இரண்டு முறை
பேச்சே நின்றுபோனது.

ழகரம் கேட்டேன். இரண்டுக்கு ஒன்று, தோற்றது.
அவன் தொனிகள் கேட்டான்.
ஒரே அசையை ஏற்றியும் இறக்கியும் சொல்லிக் காட்டினான்,
பக்கத்து மேசைக்காரர் சண்டையென்று திரும்பிப் பார்த்தார்.
அதுவும் தோற்றது.
ஹஸ்னிதாவுக்கு வேண்டியது அந்த வாய் திறக்காத எகரம்,
'எம்பாட்' என்பதன் முதலில் மங்கி நிற்பது.
நாங்கள் இருவரும் எதிராகக் கை தூக்கினோம், பழிக்குப் பழி.
மிஞ்சியவை பதினான்கு ஒலிகள்.
ஒன்றுகூட யாருக்கும் அம்மா வீட்டு ஒலி இல்லை.

வினைக்கு மூன்று விகுதிகள்:
கண்ணால் கண்டது, காதால் கேட்டது, ஊகித்தது.
காதலும் வட்டியும் வானிலையும் மூன்றாவதில் என்று
ஹஸ்னிதா பென்சிலால் குறித்து வைத்தாள்.
பன்மைக்கு முதல் அசை இரட்டிக்கும். விலக்கே கிடையாது.
"விலக்கு என்பது சோம்பல்" என்பான் பூன் ஹெங்,
லென்ஸ் துடைக்கிற துணியால் மேசையைத் துடைத்தபடி.
குறிப்பேட்டில் 'விதிவிலக்குகள்' என்று தலைப்பிட்ட பக்கம்
முதல் நாளிலிருந்து வெள்ளை.
அவனுக்கு அதில் ஒரு பெருமை.

போன மழைக்காலத்தில் 'நிமூ' பிறந்தது:
குடித்து முடித்தும் எடுத்துப் போகக் கூடாத கிளாஸ்.
அடியில் நகக்கண் அளவு நுரை இருக்கும்.
எங்கள் மூன்று மொழியிலும் தேடினோம், அகப்படவில்லை.
எச்சில் கிளாஸ் என்றால் அது வேறு.

ஷஃபிகுல்தான் அந்த வரிசை மேசைகளைப் பார்ப்பவன்.
நவகாளிக்காரன், வந்து நாலு வருடம்.
மூன்று வாரம் என் கிளாஸைத் தூக்கப் பார்த்தான்.
மூன்று வாரமும் "நிமூ, நிமூ" என்று கையால் மூடினேன்.
நாலாவது வாரம் அவன் தொடவில்லை.

நேற்று
புதுப் பையன் ஒருவன் தட்டேந்தி எங்கள் பக்கம் வர,
ரொட்டிக் கல்லருகிலிருந்து ஷஃபிகுல் கத்தினான்:
"ஏய், விடு! நிமூகுலோ!"

குலோ. அவன் ஊர்ப் பன்மை.
என் காதில் 'கள்' என்று விழுந்தது.
ஒலி ஒத்தால் உறவென்று நம்புவது
எங்களைப் போன்றவர்கள் செய்யும் முதல் பாவம்.
வாயை மூடிக்கொண்டேன்.
பூன் ஹெங்குக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது.
"நிநிமூ. நிநிமூ என்றுதான் வரவேண்டும். தப்பு."
ஹஸ்னிதா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.
"தப்பாவது! ஒரு ஆள் பேசிவிட்டான்.
நாம் மூன்று பேரும் ஒரு தடவையாவது
யோசிக்காமல் இதில் கத்தியிருக்கிறோமா?"

வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன்,
காதால் கேட்டது விகுதி போட்டு.
கை கொஞ்சம் நடுங்கியது, எதற்கென்று தெரியாமல்.

பூன் ஹெங் விடவில்லை.
'இந்த எழுத்து தெரிகிறதா' என்று கேட்கிற குரலில்
ஷஃபிகுலைக் கூப்பிட்டு மலாயில் கேட்டான்:
"பல என்றால் நிமூகுலோ. சரி. ஒன்றே ஒன்று என்றால்?"

ஈரத் துணியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு
அவன் எங்களை ஒரு மாதிரி பார்த்தான்.
"ஒன்றா?
ஒரே கிளாஸ் இருந்தால் ஆள் எழுந்து போயாச்சு.
அதை நான் எடுத்துவிடுவேன்."

மேசையில் மூன்று இருந்தன.
பூன் ஹெங் ரப்பரைத் தேடி
ஒவ்வொரு பையாகத் துழாவிக்கொண்டிருந்தான்.