அறுபத்தைந்து மில்லிமீற்றர்

கண்ணிவெடி அகற்ற வந்த நோர்வேக்காரன்
ஊருக்குப் போகிற கிழமை எனக்கு விற்றது இந்தக் கமரா.
வழமையான பிலிம்தான்,
ஆனால் ஒரு படத்துக்கு இரண்டு படத்தின் அகலம் தின்னும்.
ஒரு சுருளுக்கு இருபத்தொன்று.
நடுவைக் கொஞ்சம் கறுப்பாக்கி
ஓரத்தின் வெளிச்சத்தைக் காப்பாற்ற
லென்ஸுக்கு முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி வேண்டுமாம்.
விலையைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றேன்.
மல்லாவியில் ஓரத்தைப் பார்த்து யார் காசு தருவார்கள்.

பிலிமைப் போட்டதும்
முதலில் முழுவதையும் வெளியே இழுத்துவிடும்.
பிறகு எடுக்க எடுக்க ஒவ்வொன்றாக
டப்பிக்குள் திருப்பி அனுப்பும்.
தவறிப்போய் மூடி திறந்தால்
எடுத்தது தப்பும், எடுக்காதது எரியும்.
இதைச் செய்தவன் எங்கேயோ
அவசரமாக ஓடிப் பழகியவன் என்றேன்.
நோர்வேக்காரன் சிரிக்கவில்லை.

போன ஆவணி, சிறுபோக வெட்டு முடிய,
வவுனிக்குளத்துக் கமக்காரர் அமைப்பு
எல்லாரையும் ஒரே படத்தில் கேட்டது.
நாற்பத்துமூன்று பேர். அணைக்கட்டில் ஒரே வரி.
"கிட்ட வாங்கோ, தோளோடு தோள் முட்டுங்கோ" என்று
கலியாண வீடுகளில் கத்துகிற என் வாய்க்கு
அன்றைக்கு வேலை இல்லை.
அதனால்தான் குலவீரசிங்கம் வந்தார்.
அவருடைய தம்பி தவவீரசிங்கமும்.
நாலாம் வாய்க்காலில் ஒரு ராத்தண்ணி யாருடையது என்று
ஒன்பது வருடமாய் இரண்டு பேருக்கும் கதைபேச்சு இல்லை.
ஒருத்தர் இடது கோடி. ஒருத்தர் வலது கோடி.
வேறு கமரா என்றால்
ஒருத்தர் வீட்டில் நின்றிருப்பார்.

நான் குளத்துக்குள் இறங்கினேன், முழங்கால் தண்ணியில்.
நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாய்
வட்டவிதானை செபரத்தினம், மண்வெட்டியை ஊன்றியபடி.
கண்ணாடிக்குள் மண்வெட்டிப் பிடி இரண்டாய்த் தெரிந்தது,
ஒன்று மரம், ஒன்று மஞ்சள் ஆவி.
வளையத்தைத் திருப்பத் திருப்ப
ஆவி நடந்து வந்து மரத்துக்குள் புகுந்தது.
பத்து மீற்றருக்கும் முடிவிலிக்கும் இடையில்
எங்கேயோ நின்றது லென்ஸ்.

இரண்டு எடுத்தேன்.
முதலாவதுக்கு லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை.
இந்தக் கமராவில் கண் போகிற வழி வேறு,
பிலிம் போகிற வழி வேறு.
மூடி கிடந்தாலும் எல்லாரும் பளிச்சென்று நிற்பார்கள்.
நாற்பத்துமூன்று பேரும் சேர்ந்து சிரித்தது
அந்த ஒன்றில் மட்டும்தான்.

கொழும்பில் பிலிம் கழுவுகிற பெடியன்
முப்பத்தாறு மில்லிமீற்றருக்கு ஒரு வெட்டு என்று
கைப்பழக்கத்தில் கத்தரியை வைத்துவிட்டான்.
கத்தரி செபரத்தினத்துக்குள்ளால் போயிருந்தது:
மண்வெட்டியும் ஒரு காதும் இந்தப் பக்கம்,
மீதி ஆள் அந்தப் பக்கம்.
இரண்டு கோடியும் ஒரே அளவு இருட்டு.
அண்ணனும் தம்பியும்
மழைக்கு முந்திய பின்னேரத்தில் நிற்பது போல.

மன்னிப்புக் கேட்டு, துண்டுகளைப் பெருப்பித்து,
அவரவர் நிற்கிற துண்டை அவரவருக்கே கொடுத்தேன்.
செபரத்தினம் இரண்டையும் கேட்டார்.
துருசு அறையில் ஒட்டி வைத்திருக்கிறார்,
நடுவில் ஒரு நூல் வெள்ளைச் சுவர்.

மூன்றாம் நாள் தவவீரசிங்கம் ஸ்ரூடியோவுக்கு வந்தார்.
கையில் அளவுநாடா.
"எனக்கு இருபத்தொன்பது சென்ரிமீற்றர்.
அண்ணைக்கு எவ்வளவு?"
முப்பத்தாறு என்றேன், பொய் வரவில்லை.
"நம்பமாட்டன். நேரே அளந்து பாக்கிறன்."

போனாராம். படலையைத் தட்டினாராம்.
இரண்டு மணித்தியாலம் சத்தம் கேட்டதாம்,
ஏழு சென்ரிமீற்றருக்குத் தொடங்கி
ஏழு தலைமுறைக்குப் போன சத்தம்.
ஒன்பது வருடத்துக்குப் பிறகு சத்தம்.
அளவுநாடா இன்னும் அங்கேதான் கிடக்கிறது
என்கிறார் செபரத்தினம்.

நேற்று வடிகட்டிக் கண்ணாடியின் விலையை மறுபடி கேட்டேன்.
ஏறியிருந்தது.