ஒப்பீட்டு லைன்

விரல் நுனியில் ரத்தம் வர மறுக்கிறது.
கோத்தகிரிக்குக் கிழக்கே, ஜனவரி, காலை ஆறரை.
ஊசி குத்தியும் வெளுத்தே நிற்கிறது சதை.
"பொறு" என்கிறாள் யோகராணி.
பிளேன்டீ கிளாசை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு
சூடேறும்வரை என்னையே பார்க்கிறாள்.
பிறகு நீட்டுகிறாள். வருகிறது
மிளகளவு ஒரு சொட்டு.

ஒன்பது புள்ளி எட்டு என்கிறது கருவி.
மூன்று வருடம் முன்பு எட்டு புள்ளி ஆறு.
நல்ல செய்திதான்,
வரக்கூடாத வீட்டுக்கு வந்த நல்ல செய்தி.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு வீடு.
அங்கே சிவப்பு மாத்திரை உண்டு, மாதம் ஒரு கூட்டம் உண்டு,
மாத்திரையைத் தேத்தண்ணியில் விழுங்காதீர்கள் என்று
தேயிலை கிள்ளிப் பிழைப்பவர்களின் சுவரில்
ஒரு படமும் உண்டு.
இந்தப் பக்கம் இருபத்து நான்கு.
இங்கே எங்கள் வேலை ஒன்றும் செய்யாதிருப்பது,
அங்கே செய்தது பலித்ததா என்று தெரிவதற்காக.
யாரும் வஞ்சகம் செய்யவில்லை.
சென்னையில் ஓர் அறையில் சீட்டுக் குலுக்கினோம்,
நானும் இருந்தேன்.
ஓடை அன்றுதான் எல்லையாயிற்று.

கேள்வி பதினான்கு.
கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் கீரை?
"பனியில கொழுந்தே கருகிப்போச்சு,
கீரை மட்டும் பச்சையா நிக்குமா?"
பூஜ்யம் போட்டேன்.

கேள்வி பத்தொன்பது.
இரும்புச்சத்து மாத்திரை, ஆம் அல்லது இல்லை.
அவள் வாய் திறக்குமுன் 'இல்லை'யைத் தொட்டுவிட்டேன்,
இந்தப் பக்கத்தில் வேறு பதில் கிடையாது.
அவளோ உள்ளே போய்
ஒரு பால்மா டின்னைத் திறந்து காட்டுகிறாள்.
கத்தரியால் பாதியாய் வெட்டிய அட்டைகள்.

"சந்திரமலரு என் நாத்தனா. அங்கிட்டு லைன்.
அவளுக்கு முப்பது குடுத்தா எனக்குப் பதினஞ்சு.
கறுப்பாப் போகுதுன்னு முதல்ல பயந்து நிப்பாட்டிட்டா.
நாந்தான் சொன்னேன்,
பிள்ளைத்தாச்சியா இருக்கையில ஆஸ்பத்திரி மாத்திரையும்
இப்படித்தான், தின்னுன்னு."

அன்று மட்டும் பதினோரு டின் பார்த்தேன்.
ஒன்றில் ஊசிநூல், ஒன்றில் ரேஷன் கார்டு, அடியில் மாத்திரை.
கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கைமாறுகிறதாம்,
கங்காணி தராசைப் பார்க்கும் நேரத்தில்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு.
மாசு.
ஒப்பீட்டுக் குழு மாசுபட்டுவிட்டது என்று எழுத வேண்டும்.

இரவு லாட்ஜில் கம்பளிக்குள் கணக்கு.
அங்கே சராசரி ஒன்பது புள்ளி ஏழு,
இங்கே ஒன்பது புள்ளி ஐந்து.
இரண்டு பக்கமும் ஏறியிருக்கிறது.
ஆனால் ஏற்றத்துக்குக் காசு தருவதில்லை அறக்கட்டளை,
வித்தியாசத்துக்குத்தான் தரும்.
வாக்கியம் தானே வந்து உட்கார்கிறது:
குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை.

டேவிட்சன் சார் நல்லவர்.
"அடிக்குறிப்பாப் போட்டுரலாம்மா" என்கிறார் போனில்.
பதினோரு டின்னை அடிக்குறிப்பில் போட்டால்
அடுத்த வருடம் ஒரு ஆள் வருவார்,
சந்திரமலர் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும்
விழுங்கினாளா என்று.
போடாவிட்டால் மாத்திரையே வராது.
பத்தொன்பதாம் கேள்விக்கு நான் தொட்ட 'இல்லை'
திரையில் இன்னும் பச்சையாய் இருக்கிறது.
திருத்தலாம். நள்ளிரவுவரை நேரம் உண்டு.

சிக்னல் ஒரு கோடு. படிவம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
கடைசிக் கேள்வியை மறுபடி படிக்கிறேன்,
வழக்கமாய் எல்லோரும் காலியாய் விடுவது:
வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?

மருந்து கேட்பாள் என்றுதான் நினைத்தேன்.
கிளாசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்,
"ஆடி மழையில அந்த ஓடையைத் தாண்ட முடியல.
ரெண்டு மாசம் மாத்திரை நின்னுபோகுது.
ஒரு பாலம் வேணும்னு எழுது."

அந்தக் கட்டத்தில் இருபது எழுத்துக்குத்தான் இடம்.
பாலம்.
மூன்றே எழுத்து.