கடன் வாங்கிய கதவு

நாடகத்துக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது.
மூன்றாம் காட்சியில் யூலிஸெஸ் அதை
மூன்று முறை தட்ட வேண்டும்.
அவனுக்குப் பதினாலு வயது. முதல் தட்டிலேயே
அட்டைக்குள் முழங்கை வரை போய்விட்டான்.
பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
மருந்துக் கடையில் பகல் முழுக்க நின்ற கால்களோடு வந்திருந்த
மிர்த்தா மட்டும் சிரிக்கவில்லை.
"மரக்கதவு" என்றாள். "கனமானதா."

ரொசாரியோவில், ரயில் யார்டுக்குப் பின்னால்,
எங்கள் பேட்டையில் கதவுக்கா பஞ்சம்?
வண்டிகள் நின்றுபோன வருஷம் சலூன் பூட்டியது.
பிறகு சைக்கிள் கடை.
பிறகு யார் எப்போது பூட்டினார்கள் என்பதே
பேச்சில் வராமல் போயிற்று.
கடைசியாக எவரிஸ்தோவின் ரொட்டிக் கடை.
அவர் ஊரைவிட்டுப் போகவில்லை,
மாடியில் இருந்தார்,
வானொலியில் யாரோ கோல் போட்டால்
கூரைக்குக் கேட்கும்படி ஒரு கெட்ட வார்த்தை.
அவ்வளவுதான் அவரிடமிருந்து தெருவுக்கு.

நான் வசனம் எடுத்துக்கொடுப்பவள்.
சரக்குக் கொட்டகையின் இடப்பக்கம்
ஒரு முக்காலி, ஒரு டார்ச்சு, மடியில் பிரதி.
பதினோரு வருஷமாக
அடுத்தவர் மறப்பதுதான் என் வேலை.

ஏழு பிள்ளைகள் போய்க் கேட்டார்கள்.
"எப்போ திருப்பித் தருவீங்க?"
"ஆகஸ்டு கடைசியில."
ஏன் சம்மதித்தார் என்று இன்றுவரை தெரியாது.
கீல்களை அவரே கழற்றினார்.
திருகாணிகளை ஒரு சர்க்கரை டப்பாவில் எண்ணிப் போட்டார்,
பதினாறு.
கதவைச் சுமந்து வந்தார்கள், சவப்பெட்டி போல,
ஆனால் சண்டை போட்டுக்கொண்டு.
லுத்மிலா முன்னால் ஓடிப் போக்குவரத்தை நிறுத்தினாள்.
போக்குவரத்து என்பது ஒரு நாய்.

ஜூலை. எங்களுக்கு அது குளிர்காலம்.
பரானா ஆற்றுக் காற்றுக்கு
வாடகை கேட்காத வீடு கிடைத்தால் விடுமா?
எவரிஸ்தோ நாற்காலியைக் கீழே இறக்கி
கதவில்லாத வாசலில் போட்டார், காவலுக்கு.
உள்ளே களவு போக என்ன இருந்தது?
ஒரு காலித் தொட்டி. நீளமான மரக்கரண்டி.
விலைப் பலகையில் பழைய பணத்தில் ஒரு விலை.

பூட்டிய கடையைத் தாண்டிப் போகலாம்.
திறந்து கிடக்கும் வாசலில் ஒரு மனுஷன்
போர்வையோடு உட்கார்ந்திருந்தால்?
"கதவு எங்கே, நடிக்கப் போயிருக்கா?"
"ஆமா. என் மருமகனைவிட ஒழுங்கா வேலை பாக்குதாம்."
யாரோ மாத்தே கொண்டுவந்தார்கள்.
யாரோ இன்னொரு நாற்காலி.
குளிர் தாங்காமல் ஒரு ராத்திரி அடுப்பை மூட்டினார்.
வெறும் சூட்டுக்குத்தான் என்றார்.
சூட்டை வீணாக்க மனசு வராமல்
அடுத்த நாள் ஒரு கிலோ மாவு.

இங்கே நாடகம் ஒன்றும் ஓகோவென்று ஓடவில்லை.
முதல் நாள் முப்பத்தொரு பேர்,
அதில் பாதி உறவினர், ஒருவர் தூக்கம்.
சலூன் இன்னும் திறக்கவில்லை. திறக்காது.
ஆனால் நான்காம் வாரத்திலிருந்து
ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளின் சட்டையில்
ரொட்டித் தூள் இருந்தது.
பிரதியின் பக்கங்களில் வெண்ணெய் விரல்கள்.

கடைசி நாள் எவரிஸ்தோ வந்தார்,
மூன்றாம் வரிசை, ஓரம்.
தன் கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.
யூலிஸெஸ் தட்டினான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பிரதிப்படி பதில் வராது.
'யாருமே இல்லை' என்று சொல்லிவிட்டு
அவன் திரும்பி நடக்க வேண்டும்.
அதற்குள் மூன்றாம் வரிசையிலிருந்து,
"தள்ளு தம்பி, திறந்துதான் இருக்கு."

சிரிப்பு. பிறகு சிரிப்பும் இல்லை.
யூலிஸெஸ் என்னைப் பார்த்தான்.
என் விரல் அந்த வரியின்மேல்தான் இருந்தது.
எடுத்துக்கொடுக்கவில்லை.

தள்ளினான்.
கதவுக்குப் பின்னால் நாங்கள் எதையும் வரைந்து வைக்கவில்லை.
கொட்டகைச் சுவர். தீயணைப்பு மணல் வாளி.
பாதி வேஷம் கலைந்த அப்ரில்,
வாய் நிறைய ரொட்டி.
விழுங்க முடியாமல் விழுங்கி
"உள்ள வா" என்றாள், "குளிருது."

பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.
கோணலாக இருக்கிறது. படிக்கலாம்.